தொண்ணூற்றேழு சதவீதக்காரர்

மார்ச் 3

அண்ணா,

போன் எடுக்க மாட்டேங்கற. இந்த வாரத்துல மட்டும் பதினோரு தடவை அடிச்சுப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர்ல எழுதலாம்னா, உன் ஸ்கிரீன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுக்கப்பட்டு எங்க ஆபீஸுக்கு வரும். அந்த ஏற்பாட்டுக்கு ஆள் புடிச்சதே நான்தான். நீ என் அண்ணன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அதனால இப்படிப் பேனாவைத் தேடி எடுத்து எழுதிக்கிட்டு இருக்கேன். கடைசியா எப்போ எழுதினேன்னே ஞாபகம் இல்ல, விரல் வலிக்குது.

டிசம்பர்ல வந்தப்போ நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? "நீ வீட்டுலதானே இருக்கே, அப்பாவை நேரத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா என்ன"ன்னு கேட்டேன். அவ்வளவுதானே? அதுக்கு மூணு மாசமா பேச்சு கிடையாதா?

சரி, வேலை விஷயம். வீட்டுலேருந்து வேலை பாக்கற அறுபத்திரண்டு பேருக்கும் ஒரு கையேடு போடணும்னு மேலாளர் சொல்லிட்டார். "வீட்டிலிருந்தே விறுவிறுப்பாக"ன்னு தலைப்பு. எழுதறது நான். நகல் இத்தோட வெச்சிருக்கேன், படிச்சுப் பாரு. அதுல உதாரணத்துக்கு ஒரு ஆள் வேணும். கணக்கைப் பாத்தா உன்னைத் தவிர வேற ஆளே இல்ல. நாள் முழுக்க உன் பச்சை விளக்கு தொண்ணூத்தேழு சதவீதம் எரியுது. உனக்கு அடுத்து இருக்கறவரே எண்பத்தொண்ணுதான். மூணு நிமிஷம் மவுஸ் அசையலேன்னா மஞ்சள் ஆயிடும், அது உனக்கும் தெரியும். அப்பாவையும் பாத்துக்கிட்டு எப்படிண்ணா முடியுது? பேர் போட மாட்டேன். வழி மட்டும் சொல்லு.

இன்னொண்ணு. அப்பா கை ஆடறதை டிசம்பர்ல வீடியோ எடுத்தேன்ல, அதை இங்க ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டினேன். புது மாத்திரை எழுதித் தந்திருக்கார். அனுப்பறேன். உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பி. அந்த வலது கை வீடியோவைத் தினமும் ஒரு தடவையாவது போட்டுப் பாக்கறேன்.

பாப்பா


மார்ச் 9

மேடத்துக்கு வணக்கம்.

கையேடு கிடைச்சுது. சாப்பிடும்போது படிச்சேன். புரையேறிடுச்சு.

"தனி அறையில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்." எந்தக் கதவை? அப்பா ஒரு நாள் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுத் திறக்க முடியாம முக்கால் மணி நேரம் நின்னார். அன்னைக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் கழட்டி ஒரு டப்பால போட்டுட்டேன். என் மேஜை அவர் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவுல இருக்கு. அங்க உக்காந்தாதான் அவர் காலைக் கீழ வைக்கற சத்தம் கேக்கும்.

"அலுவலகத்துக்குச் செல்வதுபோல் உடுத்துங்கள்." உடுத்தியிருக்கேன். மேல தேச்ச சட்டை. கீழ அப்பா கஞ்சியைக் கொட்டின பேன்ட்.

"வீட்டில் உள்ளவர்களிடம் உங்கள் வேலை நேரத்தை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்." சொன்னேனே. மாடி வீட்டம்மா அவங்க பார்சல் எல்லாத்தையும் என்கிட்ட வாங்கி வெக்கச் சொல்லிட்டுப் போறாங்க. எதிர்வீட்டுக்காரர் சாவியைக் குடுத்துட்டுப் போறார். கேட்டா எல்லாரும் ஒரே பாட்டு: "நீங்க வீட்டுலதானே இருக்கீங்க." உன்கிட்டேயிருந்தும் அதையே கேட்டப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே யோசிச்சுக்கோ. நான் வீட்டுல இல்ல பாப்பா. ஒன்பது மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும், இன்ஷூரன்ஸ் கேட்டு வந்த நசுங்கின கார் படத்துக்கு முன்னாடி இருக்கேன். முன் இடது கதவு, உள்ளங்கை அகலக் குழிவு, பெயின்ட் பெயர்ந்திருக்கு. பின் விளக்கு, விரிசல். ஒரு நாளைக்கு எண்பது கார். கண்ணை மூடினாலும் குழிதான் தெரியுது.

முப்பத்தோரு வருஷம் ஆலையில வருகை எடுக்கற டைம் கீப்பரா இருந்த நம்ம அப்பா பக்கத்துல உக்காந்து, "இன்னைக்கு எத்தனை மணிக்கு உக்காந்தே?"ன்னு கேக்கறார். எனக்கு ரெண்டு மேலதிகாரி. அதுல இவர்தான் கறார்.

மாத்திரையை அனுப்பு, டாக்டர்கிட்ட கேக்கறேன். ஆனா அந்தத் தொண்ணூத்தேழை எங்கயும் போட்டுத் தொலைக்காதே. காரணம் கேக்காதே. உன் காலில் விழாத குறையாச் சொல்றேன்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே அச்சாயிடுச்சு. ஏழாம் பக்கத்துல நீ இருக்கே: "நம்மில் ஒருவர் தொண்ணூற்றேழு சதவீதத்தை எட்டியிருக்கிறார், நம்மால் ஏன் முடியாது?" மேலாளருக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போய், பெரிய எழுத்துல அடிச்சு எங்க சுவத்துல மாட்டிட்டார். இப்போ எல்லாருக்கும் தொண்ணூறு கட்டாயம்னு சொல்றார்.

நேத்து ஒரு பொண்ணு போன் பண்ணினா. ரெட்டைக் குழந்தை வெச்சிருக்கா. "மேடம், அந்தத் தொண்ணூத்தேழு யாரு, அவரு மனுஷன்தானா?"ன்னு கேட்டுட்டு அழுதா. நான் என் புஸ்தகத்துலேருந்தே நாலு வரி படிச்சுக் காட்டினேன். "குழந்தைகள் உறங்கும் வேளையைத் திட்டமிடுங்கள்"னு. படிக்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கல.

நீ என்னமோ நான் இங்க ஏசி ரூம்ல காலை நீட்டிக்கிட்டு இருக்கறதா நினைக்கறே. காலையில ஒண்ணரை மணி நேரம் நின்னுக்கிட்டே வந்து, சாயங்காலம் நின்னுக்கிட்டே போறேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சா செருப்பைக் கழட்டக்கூடத் தெம்பு இருக்கறதில்ல.

ஏன் போடக்கூடாதுன்னு சொன்னே? என்ன பண்ணினே? மறைக்காம எழுது. மாத்திரை தனிப் பார்சல்ல வருது. ஒரு நாளைக்கு மூணு.

பாப்பா


மார்ச் 20

பாப்பா,

சொல்லிடறேன். மனசுல வெச்சுக்கிட்டு என்னாலயும் முடியல.

அந்தத் தொண்ணூத்தேழு நான் இல்ல. அப்பா.

போன செப்டம்பர்ல ஒரு நாள், பதினோரு மணி இருக்கும். நான் அடுப்படியில அவருக்குக் கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தேன். அடிப்புடிச்சா அவர் வாயில வெக்க மாட்டார், அதனால விட்டுட்டு வர முடியாது. மஞ்சள் ஆயிடுமேன்னு நினைப்பெல்லாம் அந்த விளக்கு மேலதான். பன்னெண்டு நிமிஷம் கழிச்சு ஓடி வந்து பாத்தா, பச்சை! என் நாற்காலில அப்பா உக்காந்து கார் படம் பாத்துக்கிட்டு இருக்கார். அவரோட வலது கை மவுஸ் மேல. அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கு.

"என்னடா இது பச்சையா எரியுது?"ன்னு கேட்டார். வருகைப் பதிவுப்பா, ஆள் இருக்கானான்னு பாக்கற விளக்குன்னேன். சட்டுனு நிமிர்ந்து உக்காந்தார். "அப்போ நான் பாத்துக்கறேன். நீ போய் உன் வேலையைப் பாரு"ன்னார்.

அன்னையிலேருந்து நான் அடுப்படிக்குப் போனாலும், துணி அலசப் போனாலும், மருந்து வாங்க ஓடினாலும், நாற்காலி அவருக்கு. பத்தே முக்காலுக்கெல்லாம் இடது கையால ஷேவ் பண்ணிக்கிட்டு, என்னைப் பட்டன் போட்டுவிடச் சொல்லி, தயாரா நிப்பார். நாலு நிமிஷம் லேட்டுன்னு சொந்த மச்சானுக்கே அரை நாள் சம்பளம் வெட்டின ஆளு! "பொய் வருகைதானேப்பா இது?"ன்னு நானே கேட்டேன். அதுக்கு அவர் சொன்னதைக் கேளு: "நீ எண்பது காரை முடிக்கறியா இல்லையா? முடிக்கறேல்ல? அப்போ ஆள் உள்ளதான் இருக்கான். வாட்ச்மேன் எட்டிப் பாக்கறப்போ கழிப்பறைல இருந்தவனுக்கு நான் ஒரு நாளும் ஆப்சென்ட் போட்டதில்ல."

எண்பதை முடிக்கறேன், அது சத்தியம். சாயங்காலம் கண்ணுல தண்ணி வடிய வடிய முடிக்கறேன். வேலையில நான் ஏமாத்தல.

இன்னொண்ணு சொல்லணும். அம்மா போனதுலேருந்து "மேலேருந்து என்னை எப்போ கூப்பிடுவாங்க"ன்னு தினமும் ஒரு தடவையாவது கேப்பார். செப்டம்பருக்கு அப்புறம் ஒரு நாள்கூடக் கேக்கல.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

படிச்சு ரெண்டு நாள் கழிச்சு எழுதறேன். இப்பவும் ஆத்திரம் அடங்கல.

அப்பாவோட நோயை வெச்சு வருகை போட்டிருக்கே. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் அந்தக் கையைப் பாத்து அழுதுக்கிட்டு டாக்டர் டாக்டரா அலையறேன், நீ அதை மவுஸ் மேல வெச்சுட்டுக் கஞ்சி கிண்டறே. அறுபத்தோரு பேர் அந்தக் கையோட போட்டி போட்டு நாக்குத் தள்ளிக்கிட்டு இருக்காங்க. அந்த ரெட்டைக் குழந்தைக்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது?

சட்டையைக் கழட்டி வெச்சுட்டுப் பேசாமப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லு அவரை. எழுபத்தி நாலு வயசு மனுஷனுக்கு என்ன டூட்டி?

டாக்டர் சரின்னு சொன்னதா ஒத்தை வரியில கார்டு போட்டிருந்தே. அப்போ உடனே ஆரம்பி. இனிமே அந்தக் கை மவுஸ்கிட்டயே போகக்கூடாது. நான் உன் தங்கச்சியாவும் சொல்றேன், மேலதிகாரியாவும் சொல்றேன்.


ஏப்ரல் 7

பாப்பா,

மாத்திரை ஆரம்பிச்சுப் பத்து நாள் ஆச்சு. உன் டாக்டருக்கு ஒரு கும்பிடு போடு. கை நின்னுடுச்சு.

டீயைக் கீழ சிந்தாம குடிச்சார். முந்தாநேத்து அவரே பட்டன் போட்டார், அஞ்சும் அவரேதான். பேப்பர் ஓரத்துல கையெழுத்துப் போட்டுப் பாத்தார். பழைய கையெழுத்து அப்படியே வருது, அந்தக் கடைசிச் சுழி உள்பட. தபால்காரர் வந்தா இப்போ இவர்தான் எழுந்து போய்க் கடிதம் வாங்கறார். கவரைக்கூட ஓரம் கிழியாம நிதானமாப் பிரிக்கறார். எனக்குச் சந்தோஷம்தான். இல்லேன்னு சொன்னா வாய் வெந்துடும்.

ஆனா நடந்ததையும் கேளு. நீ சொன்னபடி வேணாம்ப்பான்னு சொல்லிப் பாத்தேன். அவர் கேக்கல. பதினோரு மணிக்கு வந்து உக்காந்தார், கையை மவுஸ் மேல வெச்சார். கை அசையல. விளக்கு மஞ்சள் ஆச்சு. குனிஞ்சு கையைப் பாத்து, ஆலையில வேலைக்காரனை அதட்டற குரல்ல, "ஏய், ஆடு"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. வேணும்னே ஆட்டலாம்தான். ரெண்டு நிமிஷம் ஆட்டுவார், கண் அசந்துடும். "தானா வந்த வேலை, இப்போ நானாச் செய்ய வேண்டியிருக்கு"ன்னு எழுந்து போய்ப் படுத்துட்டார்.

நாலு நாளா ஷேவ் பண்ணிக்கல. நேத்து மறுபடியும் கேட்டார், எப்போ கூப்பிடுவாங்கன்னு.

என் விளக்கு அறுபத்தெட்டுக்கு வந்துடுச்சு. எங்க எல்லாரோட விளக்குக் கணக்கும் வர்ற உன் ஆபீஸ் பலகைல பாத்திருப்பே. கார் எண்பதுதான், அதுல ஒண்ணு குறையல. போதுமா மேடம்?

அண்ணன்


ஏப்ரல் 13

அண்ணா,

கோபத்துல எழுதினதுக்கு அப்புறம் வருத்தப்பட்டேன். அதை விடு, இப்போ அதைவிடப் பெரிய சிக்கல்.

மேலாளர் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அந்தப் பலகையையே பாத்துக்கிட்டு இருக்கார். "தொண்ணூத்தேழுல இருந்த ஆளு அறுபத்தெட்டு. வேற எங்கயோ வேலைக்குச் சேந்துட்டான், சந்தேகமே இல்ல"ங்கறார். மாசக் கடைசியில மூணு பேரை வேலையிலேருந்து எடுக்கப்போறாங்க. பட்டியல்ல முதல் பேர் உன்னோடது. முப்பதாம் தேதி மீட்டிங். பிரிவுத் தலைவின்னு கீழ நான் கையெழுத்துப் போடணும்.

இந்த வேலை போனா நீ வெளியிலதான் வேலை தேடணும். அப்போ அப்பாவை யார் பாக்கறது? நானும் ராத்திரி பகலா அதையேதான் யோசிக்கறேன். இங்க கூட்டிட்டு வந்தா, காலையில ஏழரைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வர்ற வீட்டுல அவர் தனியா என்ன பண்ணுவார்?

ரெண்டே ரெண்டு வாரம்ணா. முப்பதாம் தேதிக்குள்ள தொண்ணூறைத் தொட்டுட்டா பேரை எடுக்க வெச்சிடலாம். எப்படியாவது ஏதாவது பண்ணு. பழையபடி... நான் என்ன எழுதறேன்னு எனக்கே தெரியுது. போன மாசம் உன்னை அந்தப் பேச்சு பேசினவ நான்தான். மாத்திரையை நிறுத்துன்னு சொல்லல, சத்தியமாச் சொல்லல. ஆனா அந்தக் கை ஆடாமப் போனது இப்போ போய் நடக்கணுமான்னு மனசு ஒரு நிமிஷம் நினைச்சுது. என்ன பொண்ணு நான்.

படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

பாப்பா


ஏப்ரல் 24

பாப்பா,

அப்பா நேத்துக் காலையில நடைவழியில விழுந்துட்டார். பயப்படாதே, எலும்பு எதுவும் உடையல. நெத்தியில ஒரு வீக்கம். காலு ரெண்டும் தரையில ஒட்டின மாதிரி நின்னுடுச்சாம், உடம்பு மட்டும் முன்னாடி போச்சாம். டாக்டர் வீட்டுக்கே வந்தார். கையைக் காலை மடக்கிப் பாத்துட்டு, "மாத்திரை சரியாப் போடறாரா?"ன்னு கேட்டார். நான் மூணு வேளையும் என் கையால எடுத்துக் குடுக்கறேன் டாக்டர்னேன். அப்பா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தார்.

டாக்டர் போனப்புறம் அப்பாவோட மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்தா கண்ணாடி இல்ல. மாத்திரை. எண்ணிப் பாத்தேன், இருபத்தி மூணு.

"இருபத்தி நாலு இருக்கணும், ஒண்ணு மறந்து முழுங்கிட்டேன்"னார்.

உன் போன கடிதத்தைப் படிச்சிருக்கார். தபால்காரர்கிட்ட வாங்கி, பிரிச்சு, படிச்சு, மறுபடி ஒட்டி, மறுநாள் என்கிட்ட குடுத்திருக்கார். கவர் ஈரமா இருந்துச்சு, மழையில நனைஞ்சிருக்கும்னு நான் நினைச்சேன். கோபம் தீர்ந்த அப்புறமும் அவர் காதுல விழக்கூடாதுன்னுதானே போனை விட்டுட்டு நாம ரெண்டு பேரும் இப்படிக் கையொடிய எழுதிக்கிட்டு இருக்கோம்? கையைச் சரி பண்ணினதும் நாமதான், அந்தக் கையில கடிதத்தைக் குடுத்ததும் நாமதான்.

மாத்திரை குடுக்கும்போது, "வெச்சுட்டுப் போ, நானே போட்டுக்கறேன், கைதான் நல்லாயிடுச்சே"ம்பார். நானும் நம்பிப் போயிடுவேன். கார் காத்துக்கிட்டு இருக்கும்ல.

இப்போ சொல்லப்போறதை உன்னைத் தவிர யார்கிட்டயும் சொல்ல முடியாது. அஞ்சு நாள் முன்னாடியே கை மறுபடியும் ஆட ஆரம்பிச்சுது. பாத்தேன். மாத்திரையோட வேகம் குறைஞ்சுபோச்சு, டாக்டர்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. சொல்லல. அவர் ஷேவ் பண்ணிக்கிட்டு, பதினோரு மணிக்கு வந்து, கையை மவுஸ் மேல வெச்சார். பச்சை எரிஞ்சுது. மாசக் கடைசி வரைக்கும் ஆடட்டும், ஒண்ணாம் தேதி டாக்டருக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். விளக்கு தொண்ணூத்தி நாலு வரைக்கும் போச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு பாப்பா. தூ.

"உன் வேலை போயிடுமேடா"ங்கறார்.

பட்டியல்ல கையெழுத்துப் போட்டுடு. நான் மன வருத்தப்பட மாட்டேன். வெளியில வேலைக்குப் போனா இவரை யார் பாக்கறதுன்னு தெரியல, ஆனா இந்த விளக்கை இனிமே என்னால பாக்க முடியாது. எனக்கு அலுத்துப்போச்சு.

அண்ணன்


மே 3

அண்ணா,

உன் கடிதத்தை ரயில்ல நின்னுக்கிட்டே படிச்சேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டு ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய் இறங்கினேன்.

முப்பதாம் தேதி மீட்டிங்ல கையெழுத்துப் போடல. ரெண்டு காகிதம் கொண்டுபோயிருந்தேன். ஒண்ணுல உன் விளக்குக் கணக்கு: தொண்ணூத்தேழு, அறுபத்தெட்டு, தொண்ணூத்தி நாலு. இன்னொண்ணுல உன் கார் கணக்கு: எண்பது, எண்பது, எண்பது. ரெண்டையும் மேஜைமேல பக்கத்துல பக்கத்துல வெச்சேன். "இதுல எது வேலை சார்?"னு கேட்டேன். மேலாளர் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்துட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்தத் தொண்ணூத்தேழு யாரு, எப்படிப் பண்ணினான்?"னார்.

"எங்கப்பா"ன்னேன்.

யாரோ சிரிச்சாங்க. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ என் அண்ணன்கறது, கை, கஞ்சி, மாத்திரை, கண்ணாடிக் கூடு, உனக்கு நான் எழுதின அந்தக் கடிதம், எல்லாம். அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் போனேன். முடியல.

சினிமா மாதிரி ஒண்ணும் நடக்கல. சொந்தத்தை மறைச்சதுக்கு என்னைப் பிரிவுத் தலைமையிலேருந்து எடுத்துட்டாங்க. பழைய ஃபைல் பிரிவு. உனக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும், வாங்கி வெச்சுக்கோ. மூணு பேர் பட்டியலைத் தள்ளி வெச்சிருக்காங்க. விளக்கை எடுக்கல, ஆனா மூணு மாசத்துக்குக் கார் கணக்கை மட்டும் பாப்பாங்களாம், அப்புறம் யோசிப்பாங்களாம். கையேட்டைத் திருப்பி வாங்கிட்டாங்க. சுவத்துலேருந்து உன் நம்பரை நானே கழட்டினேன். ரெட்டைக் குழந்தைக்காரிக்குப் போன் பண்ணி, "அவரு மனுஷன்தாம்மா, ஆனா எழுபத்தி நாலு வயசு, கை நடுக்கம்"னேன். ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் "அவருக்கு இப்போ எப்படி இருக்கு?"ன்னு கேட்டா.

வேலை இருக்குண்ணா உனக்கு. இப்போதைக்கு இருக்கு.

பழைய ஃபைல் பிரிவுல மாசத்துல ஒரு வாரம் வீட்டுலேருந்து பாக்கலாமாம். அங்க வந்து பாக்கறேன். அந்த ஒரு வாரம் கஞ்சி நான் கிண்டறேன், நீ தூங்கு. மேஜையில ஒரு ஓரம் ஒதுக்கி வை. "வீட்டுலதானே இருக்கே"ன்னு சொன்னேன்ல, அதுக்கு என்னை மன்னிச்சுடு. வெறும் வார்த்தையா நினைச்சுச் சொல்லிட்டேன்.

அப்பாகிட்ட சொல்லு, மாத்திரையை ஒழுங்கா முழுங்கச் சொல்லு. இனிமே போனையும் எடு.

பாப்பா


மே 10

பாப்பா,

எடுக்கறேன். ஆறு மணிக்கு அப்புறம் அடி.

உன் கடிதத்தை இந்தத் தடவை நானே அவர் கையில குடுத்தேன். பிரிச்சு ஒட்டற வேலை மிச்சம். ரெண்டு தடவை படிச்சார். உன் பதவி போன வரியில விரலை வெச்சு மூணாவது தடவையும் படிச்சார். மாத்திரையை இப்போ என் கண் முன்னாடி போட்டு, நாக்கை நீட்டிக் காட்டறார். கை நின்னுடுச்சு. நெத்தி வீக்கமும் வடிஞ்சுடுச்சு.

எல்லாம் சரியாயிடுச்சுப்பா, இனிமே ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொன்னேன். அவர் ஒத்துக்கல. "எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்"னுட்டார். மூணு நாளா எழுதினார். நாலு தாள் கசங்கிப் போச்சு. தினமும் பதினோரு மணிக்கு ஷேவ் பண்ணிக்கிட்டு என் மேஜை ஓரத்துல உக்காந்துதான் எழுதினார். இத்தோட வெச்சிருக்கேன். நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தல.

அந்த ஓரம் உனக்குத்தான். நீ வரும்போது அவர் நகர்ந்துக்கறாராம்.

அண்ணன்


பெறுநர்: பிரிவுத் தலைவி அவர்கள் (முன்னாள்)

பொருள்: பணிக்கு வர இயலாமை குறித்து

அம்மா,

வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நான், சென்ற செப்டம்பர் முதல் என் மகனுக்கு உதவியாகத் தினந்தோறும் காலை பதினொரு மணிக்கும் இதர தேவைப்பட்ட வேளைகளிலும் என் வலது கையால் பணியாற்றி வந்தேன். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

தற்சமயம் மாத்திரை உட்கொண்டு கை குணமாகிவிட்டபடியால், பணியைத் தொடர இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் கை ஆடாமல் போன குறைக்காக என் மகனுக்கு ஆப்சென்ட் போட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தோரு வருடம் வருகை எடுத்தவன் என்ற முறையில் சாட்சி சொல்கிறேன். நான் பார்த்தவரை அவன் ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. உள்ளேதான் இருந்தான்.

இப்படிக்கு,
அப்பா